'வேண்டாம்' இலாகா

என் மகள் தங்கச்செல்வியைக் கரீபியன் தீவுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்புவதில்லை என்று பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்று உறுதியாக முடிவெடுத்தேன். அப்படியே வீட்டுக்குப் போய், "அனுப்பிருவோம்" என்றேன்.

பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் ஒரு நிர்வாகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருபது வருஷமாக இரண்டு இலாகா. 'சரி' என்னுடையது. 'வேண்டாம்' என் மனைவி முருகேஸ்வரியுடையது. ஸ்கூலில் ஊட்டி டூர் போகிறார்கள் என்று செல்வி வந்து நிற்பாள். "எனக்குச் சம்மதந்தான், ஒங்கம்மாவக் கேளு" என்பேன். அவள் வேண்டாம் என்பாள். பிள்ளை அம்மாவை முறைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். காசும் மிச்சம், பாசமும் மிச்சம். அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் விற்கிற சண்முகவேல் எனக்கு இதைவிட லாபமான யாவாரம் வாய்த்ததில்லை.

அந்த வருஷம், தொண்ணூற்று நாலில், செல்வி ஒன்றரை மார்க்கில் மெடிக்கல் சீட்டைக் கோட்டைவிட்டாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் மதுரையிலிருந்து ஏஜென்ட் பூமிநாதன் வந்தார். கழுத்தில் டை. ஆனி மாத வெயிலில் எங்கள் ஊருக்கு டை கட்டிக்கொண்டு வருகிறவரை எப்படி நம்பாமல் இருப்பது? கையில் ஒரு வழவழப்பான புத்தகம் கொடுத்தார். முக்கால் பக்கம் கடல், கால் பக்கம் தென்னை. ஓரத்தில் காலேஜ் மாதிரி ஏதோ தெரிந்தது.

"தீவு எங்கிட்டு இருக்கு?"

"வெஸ்ட் இண்டீஸ் பக்கம் அண்ணாச்சி."

"பந்து போட்டு மண்டைய ஒடைக்கிறாகளே, அவுக ஊரா?"

"அவுகளேதான். ஒடஞ்ச மண்டைக்கு வைத்தியமும் அங்கனதான் நல்லாச் சொல்லித் தருவாக."

"படிச்சிட்டு வந்தா நம்ம ஊருல செல்லுமா?"

"அதக் கேட்டுத்தான் எழுதிப் போட்டிருக்கேன். பதில் வந்துக்கிட்டே இருக்கு."

வந்துகொண்டே இருக்கிற பதிலை நம்பிப் பிள்ளையை அனுப்புவதா என்று பயந்தேன். இது ஊருக்குச் சொல்கிற காரணம். உண்மையான காரணம் வேறு. தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும்போது என் சட்டைப் பையில் பேனாவைச் செருகி, ஏறுமாறாகப் போட்ட பொத்தானைச் சரிபண்ணி அனுப்புகிறவள் செல்விதான். அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் படிக்க வேண்டாம் என்று சொன்ன அப்பன் என்ற பெயரும் எனக்கு வேண்டாம். அதற்குத்தான் தனி இலாகா இருக்கிறதே!

நான் "அனுப்பிருவோம்" என்று சொன்னபோது முருகேஸ்வரி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"அந்தத் தீவுல மழ பெய்யுமா?"

"நித்தம் பெய்யுமாம்."

"அப்ப அனுப்பிருவோம். பத்து நாளைக்கு ஒருக்கா வர்ற கொழாத் தண்ணிக்கு நாந்தான் கொடத்தோட நிக்கேன். எம்பிள்ளையாச்சும் நித்தம் குளிக்கட்டும்."

இருபது வருஷத்தில் முதல் 'சரி'. அதுவும் இதற்குப் போய்!

"கடல் தாண்டணும் முருகேசு."

"பிளேன்லதான போறா. நீந்தியா போறா?"

"பந்தல்குடி ரோட்டு நெலத்த விக்கணும்."

"வித்துருங்க. கருவேலமுள்ளத் தவிர அதுல என்னத்தக் கண்டோம்?"

அது அவள் அப்பா அவளுக்குக் கொடுத்த நிலம். அதில் ஆடு மேய்ந்தால்கூட ஆட்டுக்காரனின் வம்சத்தையே இழுப்பாள். நான் கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பேனா செருகும்போது செல்வி கேட்டாள்.

"அப்பா, நீங்க என்ன நெனைக்கிறீக?"

"எனக்கு என்னம்மா, ரொம்பச் சந்தோசம். ஒங்கம்மாதான்..."

"அம்மாவும் சரிங்குறாகளே."

"ஆமா. அதான் எனக்கும் ஒண்ணும் புரியல."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீங்க சந்தோசப்பட்டாச் சரிப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு வண்டி என் கையில் இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். முருகேஸ்வரி பருப்புப் பொடி இடித்தாள், வடகம் காயப்போட்டாள். பக்கத்துக் கயிற்றுக்கடை ராமசுப்பு கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். பிண்ணாக்கு வாங்க வந்தவர்கள் எல்லாம், "டாக்டரோட அப்பா, ஒரு மூட போடுங்க" என்றார்கள். ஒருவர் மாட்டுக்கு வயிறு சரியில்லை என்று என்னிடமே யோசனை கேட்டார். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டும் என்று பூமிநாதன் நாள் குறித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு யோசனை பிறந்தது.

"எதுக்கும் ஆத்தாகிட்டப் பூக்கட்டிக் கேட்டுருவோம்" என்றேன்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இலையில் சுற்றி அம்மன் முன்னால் வைப்பது. ஒரு சின்னப்பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அம்மன் வாக்கு. வெள்ளை வந்தால் அனுப்புவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது என்று நானே சொன்னேன். பொட்டலம் கட்டுவது என் பொறுப்பு என்றும் சொன்னேன். முருகேஸ்வரி மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பூக்கடை பேச்சியிடம் சிவப்பு அரளி மட்டும் வாங்கினேன். இரண்டு பொட்டலத்திலும் அதையே வைத்துக் கட்டினேன். அம்மனிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை காலை கோயிலில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பூசாரி கோட்டைச்சாமி தட்டில் பொட்டலங்களை வைத்தார். எடுப்பதற்கு அவருடைய ஐந்து வயதுப் பேத்தி தயாராக நின்றாள். முருகேஸ்வரி கண்ணை மூடிக் கும்பிட்டு, கோயிலுக்கே கேட்கிற மாதிரி வேண்டினாள்.

"ஆத்தா, செவப்பு வந்தா எம்மகள அனுப்புறோம். வெள்ள வந்தா இங்கனயே வச்சுக்கிறோம்."

நான் அவள் தோளைத் தட்டினேன்.

"ஏ முருகேசு, மாத்திச் சொல்லுற. வெள்ள வந்தாத்தான அனுப்பணும்?"

"ஆத்தாளுக்குப் புடிச்சது செவப்பு. நல்ல காரியத்துக்கு அது இருக்கட்டும். எந்தப் பூ வரும்னு ஒங்களுக்குத் தெரியவா போகுது?"

பேத்தி கையை நீட்டினாள். எந்தப் பொட்டலத்தைத் தொட்டாலும் என் பிள்ளை பிளேன் ஏறிவிடுவாள். நாளைக்கு என் சட்டைப் பையில் பேனாவை யார் செருகுவார்கள்? நான் எட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நில்லு தாயி. எடுக்காத. ரெண்டும் செவப்புதான்."

பூசாரி என்னைப் பார்த்தார். முருகேஸ்வரி அம்மனைப் பார்த்தாள்.

"எனக்குப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப மனசில்ல" என்றேன். "வேண்டாம். நாஞ் சொல்றேன், வேண்டாம்." அந்த வார்த்தை என் வாய்க்கே புதுசாக இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லப்பா. நீங்க ஆசைப்படுறீகன்னுதான் நான் சரின்னேன். நான் இம்ப்ரூவ்மெண்ட் எழுதணும்ப்பா. மறுபடி பரீட்ச எழுதுனா இன்னும் ஒண்ணரை மார்க்கு வாங்க மாட்டனா?"

முருகேஸ்வரி அர்ச்சனைக் கூடையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மறுபரீட்சைக்கான ஃபாரம். எல்லாம் நிரப்பியிருந்தது. தகப்பனார் கையெழுத்து மட்டும் பாக்கி.

"இத எப்ப வாங்குன?"

"நீங்க அனுப்பிருவோம்னு சொன்ன மறுநாளு."

"ரெண்டும் செவப்புன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பேச்சி சொன்னா. வெள்ளப்பூ வேண்டவே வேண்டாம்னுட்டீகளாம். அவகிட்ட மட்டும் நல்லாச் சொல்லியிருக்கீக."

"பின்ன ஏன் இத்தன நாளு சும்மா இருந்த?"

"நான் வேண்டாம்னு சொன்னா, ஒங்கம்மாதான் கெடுத்தான்னு காலம்பூரா சொல்லுவீக. ஊட்டிக்கு விடாத பாவியும் நாந்தான், சைக்கிள் வாங்கித் தராத பாவியும் நாந்தான். இந்த ஒண்ணையாச்சும் நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முடிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இருபது வருஷம் அவளைப் பாவியாக்கி நான் நல்லவனாக இருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"வெள்ளிக்கெழமதான பணம் கட்டணும். வியாழக்கெழம வரைக்கும் பாத்துட்டு, வழக்கம்போல நானே சொல்லியிருப்பேன்."

அங்கேயே கையெழுத்துப் போட்டேன். பேனாவை எடுத்துக் கொடுத்தது செல்விதான்.

வீட்டுக்கு வந்தால், வாசலில் டையோடு பூமிநாதன் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, எல்லாம் ரெடிதான?"

பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது. "எனக்கு ரொம்பச் சம்மதந்தான் பூமிநாதன். வீட்டுலதான் கொஞ்சம்..."

முருகேஸ்வரி அவருக்குக் காபி டம்ளரை நீட்டினாள்.

"அவுகளையே கேளுங்க தம்பி. இன்னைக்குத்தான் வேண்டாம்னு சொல்லப் படிச்சிருக்காக."