நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள்

"4,312 வரிகள் மாற்றப்பட்டன" என்றது திரை. ரிசப்ஷன் அக்கா மாற்ற நினைத்தது ஒரே ஒரு வரியை.

மேசைக்கு எதிரே ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி தன் நாயோடு விறைப்பாக நின்றிருந்தார். நாயின் பெயர் ரௌடி. பிராணிகள் மருத்துவமனைச் சீட்டில் 'பெண்' என்று அச்சாகியிருந்ததில் இருவரில் ஒருவருக்கு மானம் போயிருந்தது. நாய் கொட்டாவி விட்டது.

"மாத்தியாச்சாம்மா?"

"மாத்தியாச்சு சார். கொஞ்சம் அதிகமாவே மாத்தியாச்சு."

கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், "நீங்களே எஸ்க்யூஎல் கத்துக்குங்கக்கா" என்று டாக்டரம்மா அவளை இணைய வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தார். கணினியிலுள்ள பட்டியல்களோடு பேசுகிற மொழி அது. எதை மாற்றச் சொன்னாலும் கடைசியில் 'வேர்' என்று, அதாவது ஆங்கிலத்தில் 'எங்கே' என்று போட்டு, எந்த வரியில் என்று சொல்ல வேண்டும் என்பது இரண்டாம் பாடம். அக்கா வேரை விட்டுவிட்டாள், மரமே சாய்ந்துவிட்டது. பட்டியலிலிருந்த நாய், பூனை, முயல், ஆமை அத்தனையும் ஆண்பிள்ளைகள். போன வாரம் ஐந்து குட்டி போட்ட பூனை உட்பட.

பதறாத காரியம் சிதறாது என்று தெரிந்தும் பதறினாள். ராணி, கறுப்பி, செல்லி. பெயர் 'இ'யில் முடிந்தால் பெண்தானே? அப்படி முடிகிறவற்றையெல்லாம் பெண்ணாக்கச் சொல்லி, இந்தத் தடவை மறக்காமல் வேரும் போட்டுத் தட்டினாள்.

ஜிம்மி, டாமி, புலி எல்லாம் பெண்ணாயின. ரௌடியும்தான்.

புதிதாகப் பெண்ணானவர்களின் வீட்டுக்கெல்லாம் மருத்துவமனையின் குறுஞ்செய்தி தானாகவே பறந்தது. அதிகாரியின் சட்டைப்பை கிணுகிணுத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"ரௌடியோட கர்ப்பப் பரிசோதனைக்கு நாள் குறிக்கணுமாம். என்னம்மா இது?"

"எல்லாருக்கும் பொதுவா போறது சார். நீங்க உக்காருங்க."

தொலைபேசி அடித்தது. "எங்க டாமிக்குப் பதினாலு வயசாகுதும்மா. இந்த வயசுல இதெல்லாம் நல்லாவா இருக்கு?" என்றது ஒரு குரல்.

அப்போதுதான் நேற்று எடுத்த நகல் நினைவுக்கு வந்தது. போன உயிர் திரும்பியது. நகலை எடுத்துப் பட்டியலின் மேல் போட வேண்டும். அக்கா பட்டியலை எடுத்து நகலின் மேல் போட்டாள். இப்போது இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின, தப்பு உள்பட.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. உள்ளறைக்குப் போய் நடந்ததையெல்லாம் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தாள்.

"பழைய விவரம் எங்கேயுமே இல்லையா?"

"இல்லம்மா. நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்."

"எட்டு வருஷத்து விவரம்க்கா," என்று டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூலையில் பஞ்சு பிய்த்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் தொண்டையைச் செருமினார். வருகிற பிராணிகளை முதலில் பார்த்துச் சீட்டு எழுதுகிறவர் அவர்தான்.

"இதுக்குப் போய் எதுக்குக்கா வேலைய விடறீங்க? அதெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதானே. வாலைத் தூக்கிப் பாக்க யாருக்குத் தைரியம்? கடிச்சதை ஆணுன்னு எழுதினேன், கடிக்காததைப் பெண்ணுன்னு எழுதினேன்."