அவுட்டரில் நிற்கும் கப்பல்

உலகத்தில் எத்தனையோ பேர் கடலில் கப்பல் விட்டிருக்கிறார்கள். கடலுக்குப் பின்னால் கப்பல் விட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மில்லர்புரத்தில், என் எதிர்வீட்டில் இருக்கிறார். 'அவுட்டர் அண்ணாச்சி வீடு' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்த கையோடு பிரஷ்ஷைப் பிடித்தார். யார் வீட்டு மீன்தொட்டியைப் பார்த்தாலும் அவருக்குப் பொறுக்காது. பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பவளப்பாறைப் போஸ்டர்தான் காரணம்.

"எந்த ஊரு கடலு தம்பி இது? தூத்துக்குடியில குடியிருக்குத மீனு தூத்துக்குடியப் பாக்க வேண்டாமா?"

"அண்ணாச்சி, இது கடையில வாங்குன கோல்டு ஃபிஷ்."

"எங்கன பொறந்தா என்ன? இப்ப அட்ரஸ் இங்கனதான?"

இப்படிப் பேசிப் பேசியே என் தொட்டியைக் காலி செய்ய வைத்தார். பெயிண்ட் தண்ணீரில் பட்டால் மீனுக்கு ஆகாது. அதனால் பின்கண்ணாடியின் வெளிப்புறத்தில்தான் வரைய வேண்டும். அதெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். முதலில் கண்ணாடி முழுக்க நீலம், நல்ல கெட்டியாக. அது காய்ந்ததும் மேலே ஒரு சரக்குக் கப்பல். நங்கூரச் சங்கிலியின் வளையங்களைக்கூட விடவில்லை மனிதர். பின்னால் நின்று பார்த்த எனக்குப் புல்லரித்துவிட்டது. தொட்டியைத் திருப்பிச் சுவரோரம் வைத்துத் தண்ணீர் நிரப்பினோம்.

என் மனைவி முன்னால் வந்து பார்த்தாள். "கடலு நல்லாத்தான் இருக்கு. கப்பல எங்க?"

வெறும் நீலம். கண்ணாடியின் பின்னால் முதலில் எதை வரைகிறோமோ அதுதான் முன்னால் தெரியும். கப்பலை வரைந்த பிறகு கடலை அடித்திருக்க வேண்டும். அண்ணாச்சிக்கோ துறைமுகத்துப் பழக்கம், எதற்கும் அடிப்பூச்சு முதலில். தவிர, கடல் இல்லாமல் கப்பல் எப்படி மிதக்கும் என்பது அவர் கேள்வி.

ஆனால் மனிதர் அசரவில்லை. "கப்பல் இருக்கும்மா. அவுட்டர்ல நிக்கு. இன்னும் பெர்த் கிடைக்கல."

துறைமுகத்தில் இடம் காலியாகும்வரை கப்பல்கள் வெளிக்கடலில் காத்து நிற்கும். அந்த இடத்தைத்தான் இங்கே அவுட்டர் என்பார்கள். அன்று சாயங்காலமே தெரு அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. பால்காரர் முதல் கேபிள்காரர் வரை, "என்ன அண்ணாச்சி, பெர்த் கிடைச்சிட்டா?" என்று கேட்டார்கள். "உள்ள கூட்டம் ஜாஸ்தி" என்று இவரும் சளைக்காமல் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் பிரஷ்ஷைப் பரணில் போட்டுவிட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை.

தெருமுனைக்குப் புதிதாக வந்த பல் டாக்டரம்மா வெளியூர்க்காரர். கிளினிக்கில் பெரிய தொட்டி வைத்திருந்தார். நான்தான் போய் அண்ணாச்சியின் பெயரைச் சொன்னேன். "வெள்ளை மணல், தென்னை மரம், அவ்வளவு போதும்" என்றார் டாக்டரம்மா. அண்ணாச்சி தலையாட்டிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "இது மட்டும் தப்பா வந்துச்சுன்னா இனி பிரஷ்ஷத் தொடமாட்டேன் தம்பி."

அப்புறம் நடந்தது ஒத்திகை. தம் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றிலும் உள்ளிருந்து வரைவார், தெருவுக்கு ஓடிவந்து பார்ப்பார், மறுபடி உள்ளே ஓடுவார். "கப்பல் முதல்ல, கடலு பொறவு" என்று வாய் ஓயாமல் முணுமுணுப்பு. "சோத்துல கெடக்க கல்லு தெரியல, வீடே இருட்டாக் கெடக்கு" என்று அவர் மனைவி சத்தம் போட்டார்.

கிளினிக் தொட்டியைத் திருப்பிய அன்று அண்ணாச்சி சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். எங்கே தென்னை மரம்? ஒன்றுகூட இல்லை. கிரேன்கள், கலங்கரை விளக்கம், குவித்து வைத்த உப்பு, நடுவே கம்பீரமாக ஒரு கப்பல். டாக்டரம்மா முகம் மாறியது.

அப்போது முத்தையாபுரத்திலிருந்து பல்வலியோடு வந்திருந்த ஒரு பெண், கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டுத் தன் தங்கையை இழுத்தாள். "ஏளா, இங்கன பாரு! அத்தான் ஓட்டுத கிரேனு!"

காத்திருந்த ஆட்கள் எல்லோரும் தொட்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். அவரவர் வேலை பார்க்கும் இடத்தை ஆளாளுக்குத் தொட்டுக் காட்டினார்கள். டாக்டரம்மாவும் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு அழகா நம்ம ஹார்பர்?"

அந்த 'நம்ம' என்ற சொல்லைக் கேட்டுத்தான் அண்ணாச்சி திரும்பினார். வரைந்தது நான் என்பதுபோல எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் பெயிண்ட் டப்பாவும் சுரண்டுகிற பிளேடுமாக என் வீட்டு வாசலில் நின்றார். முதல் தடவையாகக் குரல் இறங்கியிருந்தது.

"தம்பி, ஒங்க தொட்டி தப்பாப் போச்சு. சுரண்டிட்டுப் புதுசாப் போட்டுத் தாரேன்."

நான் வாசலை மறித்து நின்றேன்.

"அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. கப்பல் அவுட்டர்ல நிக்கு. நாங்க காத்துக்கிடுதோம்."