ஆத்தா வேறு போன வாரம்

நல்லெண்ணெய் இனி இந்த வீட்டு வாசற்படி ஏறாது என்று அப்பச்சி அறிவித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். எங்கள் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம். அப்பச்சி பெயர் சோமு. காரைக்குடியில் ஹார்டுவேர் கடை. ஆணி விஷயத்தில் அவரை அசைக்க ஆள் கிடையாது. அதே உறுதியோடு மருத்துவத்துக்குள்ளும் இறங்கிவிட்டார்.

காரணம் ஒரு வீடியோ. பங்காளிகள் குரூப்பில் வந்தது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒருவர், பேய்க்கதை சொல்கிற குரலில், "சோயா... எள்ளு... ஆளிவிதை... இவற்றுக்குள்ளே ஒளிந்திருக்கிறது பெண் ஹார்மோன்" என்று இழுத்தார். ஆத்தாவுக்குப் போன வருஷம் மார்பில் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, கரண்ட் என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இப்போது ஹார்மோனை அடக்கத் தினம் ஒரு மாத்திரை. டாக்டர் அடக்கச் சொன்னதை இவள் தாளித்துச் சாப்பிடுகிறாளே என்று அப்பச்சி சமையற்கட்டுக்குள் புகுந்துவிட்டார்.

அன்றே மீல்மேக்கர் போனது. எள் போட்டதால் இட்லிப்பொடி போனது. சந்தேகத்தின் பேரில் உளுந்து போனது, அதோடு இட்லியும். இரண்டு டின் நல்லெண்ணெயைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பிள்ளையார்பட்டியில் விளக்குக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"பிள்ளையாருக்கு மட்டும் ஹார்மோன் ஆகுமா?" என்றாள் ஆத்தா.

"எரிக்கத்தானே குடுத்தேன். குடிக்கவா குடுத்தேன்?"

ஆனால் விஷயம் சிரிப்பில்லை. கீமோ போட்ட நாளிலிருந்து ஆத்தாவுக்கு எதை வாயில் வைத்தாலும் இரும்பு ருசி. பதினொரு கிலோ இறங்கிவிட்டாள். போன மாதம்தான் நாக்கு திரும்பியது. ஆசையாகச் சாப்பிட ஆரம்பித்ததே இட்லியும் பொடியும் நல்லெண்ணெயும்தான். இப்போது மறுபடி ரசஞ்சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். டாக்டரம்மாவுக்கு அவளே போன் போட்டுக் கேட்டாள். தாராளமாகச் சாப்பிடலாம் என்றார்கள். அப்பச்சி நம்பவில்லை. நேரில் வந்து கேளுங்கள் என்றால் வரவும் மாட்டார். ஒரு வருஷமாக ஆத்தாவை மதுரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

டாக்டரம்மா குரலில் நானே அவருக்குப் போன் போடுகிறேன் என்றேன். அவர்கள் இருமல்கூட எனக்கு வரும்.

"உங்க அப்பச்சி பயம் நெசம், தீக்ஷா. அதுல விளையாடாத" என்றாள் ஆத்தா. "நான் முறைப்படி பாத்துக்கிறேன்."

மறுநாள் அப்பச்சி கடைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "என்னைய வேறு வச்சிருங்க."

எங்களில் மகனுக்குக் கல்யாணமானால் ஒரே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பும் சாமானும் கொடுத்து, புருஷன் பெண்டாட்டி தனியாகப் பொங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அதுதான் வேறு வைப்பது. இவர்களை வேறு வைக்காமலே பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த முறை விட்டுப்போச்சே என்றாள் ஆத்தா. மற்ற எதைச் சொன்னாலும் அப்பச்சி தப்பித்துக்கொள்வார், முறை விட்டுப்போச்சு என்று சொன்னால் மட்டும் அவரால் தப்பிக்க முடியாது. விசேஷத் தட்டில் ஒரு பாக்கு குறைந்தாலும் திருப்பி அனுப்புகிற ஆள்.

"வேறு வச்சா நான் எங்குட்டுப் போக?"

"நீங்க எங்குட்டும் போக வேணாம். இந்த அடுப்பு உங்களுக்கு. பின்னால இருக்க ரெண்டாங்கட்டு எனக்கும் பிள்ளைக்கும். சாமானை மட்டும் குறைவில்லாம எடுத்து வைங்க."

குறைவில்லாமல் என்றால் உளுந்து வேண்டும், எள் வேண்டும், நல்லெண்ணெய் டின் கட்டாயம் வேண்டும். எண்ணெய் இல்லாமல் வேறு வைத்தான் சோமு என்று பங்காளிகள் பேசமாட்டார்களா? அவரே கடைக்குப் போய், அவரே சுமந்து வந்து, அவரே இறக்கிவைத்தார். ஆத்தா ரொம்பப் பணிவாக வாங்கிக்கொண்டாள்.

அங்குட்டு அப்பச்சி போனைப் பார்த்துப் பொங்கினார். முதல் நாள் சோறு கஞ்சி. இரண்டாம் நாள் ஜல்லி. மூன்றாம் நாள் சோறு சோறாகவே வந்தது, ரசம்கூட மணத்தது. இங்குட்டு ஆத்தா நாலு இட்லி, அஞ்சு இட்லி என்று ஏறிக்கொண்டிருந்தாள். அவர் நிலைக்கதவோரம் நின்று அவள் வாயையே பார்ப்பார். மூன்றாம் நாள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எறங்குதா?"

"நல்லா எறங்குது."

"உடம்பு ஒண்ணும் செய்யலையே?"

"இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லுது."

அவர் சிரிக்கவில்லை. "நீ இல்லாட்டி நான் என்ன செய்வேன், உமையா" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. எனக்கு எல்லார் குரலும் வரும். அந்தக் குரல் மட்டும் வரவில்லை.

ஆத்தா கையிலிருந்த விள்ளலைத் தட்டில் வைத்தாள். பிறகு, "அப்ப நாளைக்குச் செக்கப்புக்குப் போறப்ப ஆஸ்பத்திரிக்கு உள்ள வந்து நீங்களே கேளுங்க" என்றாள்.

மதுரையில் முதல்முறையாக உள்ளே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வீடியோவில் வந்த அத்தனையையும் ஒப்பித்தார். டாக்டரம்மா இருமிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்கள்: செடியில் இருப்பது நம் உடம்பு ஹார்மோன் மாதிரிதான், ஆனால் வலு ரொம்பக் கம்மி. சாப்பாட்டில் சேர்கிற சோயாவாலும் எள்ளாலும் நோய் திரும்புகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. டப்பாவில் அடைத்து விற்கிற சோயா மாத்திரை, பவுடர் மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். தினமாத்திரையை விடாதீர்கள். ஆத்தா எடை அரைக்கிலோ ஏறியிருந்தது. அப்பச்சி அந்த எடை மெஷினை இரண்டு தடவை குனிந்து பார்த்தார்.

திரும்பும்போது காரில் அப்பச்சி முகத்தில் ஒரே தெளிச்சி. இனி என்னத்துக்குத் தனி அடுப்பு, இன்றைக்கே ஒன்றாக்கிவிடுவோம் என்றார்.

ஆத்தா உடனே ஒத்துக்கொண்டாள். "ஆக்கிருவோம். உங்க அடுப்புலயே வச்சுக்கிருவோம். எனக்கு ரெஸ்ட் வேணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. நீங்களும் இப்ப நல்லாத்தானே பொங்குறீக."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததால் அப்பச்சியால் தலையில் கை வைக்கக்கூட முடியவில்லை.