பத்தே நாளில் போன முதுகுவலி

இனிமேல் பீடியைத் தொடுவதில்லை என்று நான் சபதம் செய்தது உத்திரமேரூர் டாக்டர் வாசலில். ஆறு வருஷ முதுகுவலிக்கு எண்ணெய், பச்சிலைப் பத்து, பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. உள்ளே நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, டாக்டர் என் மனைவி பாஞ்சாலியிடம் நீளமாக ஏதோ பேசினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னா சொன்னாரு?"

"பீடி இழுத்தா முதுகெலும்புக்கு ரத்தம் சரியாப் போவாதாம். அதான் வலி வுடமாட்டேங்குது. நிறுத்துனா பத்தே நாள்ல போயிடுமாம்."

"நிறுத்திட்டேன் போ!" என்றேன், ராஜா மாதிரி.

நிறுத்தினேனா? பம்புசெட்டுக்குப் பின்னால் தினம் மூன்று. என்ன செய்ய? இழுக்கும்போதெல்லாம் பழைய பாஞ்சாலி வந்து நிற்கிறாளே! கல்யாணமான புதிதில் அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்துவந்து நீட்டுவாள். நான் பற்றவைக்கும்வரை என் முகத்தையே பார்ப்பாள். "உன் சட்டையிலகீற பீடி வாசன எனக்குப் புடிக்கும்யா" என்பாள். அவளைப் பின்னால் உட்காரவைத்துத் திருப்புலிவனம் கோயில்வரை சைக்கிள் மிதிப்பேன். முதுகு என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் காலையில் கேட்டாள். "முதுகு எப்டிகீது?"

வலிக்கிறது என்றால் பீடி மாட்டிக்கொள்ளும்.

"சுத்தமாப் போயிட்ச்சி!" இடுப்பை இரண்டு பக்கமும் வளைத்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்றேன்.

"அப்ப அந்த வேர்க்கடல மூட்டயத் தூக்கி உள்ள போடு."

தூக்கினேன். பாதி வழியில் மூட்டை விழுந்தது. நான் விழவில்லை, கேள்விக்குறி மாதிரி அப்படியே நின்றேன்.

பாயில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்தபடி சொன்னாள்: "டாக்டரு பத்து நாளுன்னு சொல்லவேயில்ல. மெல்லத்தான் கொறயும், மாசக்கணக்குல ஆவும்னாரு. நெசமா வுட்டவனா இருந்தா, இன்னும் வலிக்குதுடின்னு சொல்லியிருப்ப."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அந்தக் காலத்துல பீடிக்குக் கொள்ளி கொண்டாந்தது நீதானடி?"

தேய்த்த கை நின்றது.

"ஆமாய்யா, நான்தான். உனக்கு வெக்கிற கொள்ளியாவது லேட்டா வரட்டும்னு பாக்குறேன். நீ இன்னான்னா பம்புசெட்டு பின்னால போய்க் குந்திக்கினு கீற."

அன்றைக்கே விட்டேன், நிஜமாகவே. ஐந்து மாதமாகிறது. வலி போய் மூன்று வாரமாயிற்று. அதை அவளிடம் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.