கண்ணாடியில் ஒரு கொப்புளம்

காரின் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கொப்புளம் இருந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, மிளகைவிடச் சின்னது. அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்த பொன்னுரங்கத்துக்குக் காலையில் குடித்த டீ நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

"தேவகி! இங்க வா. இது இன்னா?"

கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த தேவகி கையை உதறிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"கொப்புளம்."

"அது எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை ஒட்டின ஃபிலிம்ல எதுக்குக் கொப்புளம்னு கேக்கறேன்!"

"இன்னும் மாப்பிள்ளை ஆவலய்யா. சாயங்காலம் எங்கண்ணன் வந்து சரின்னு சொல்லணும்."

அதுதான் கவலை. தேவகியின் அண்ணன் தினகரன், ஏரிக்குள் இருக்கிற பசியாவரம் தீவுக்காரர். பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் வாயிலிருந்து "சரி" வராமல் இந்த வீட்டில் வெற்றிலை மாற்ற முடியாது. அந்த மனிதரோ, இதுவரை வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். முதல் பையன் விருந்தில் மீன் தலையை ஒதுக்கி வைத்தான். "தலையை ஒதுக்கினவன் நாளைக்கு மாமியார் வூட்டை ஒதுக்க மாட்டானா?" இரண்டாவது பையன் செருப்பைத் தேய்த்து நடந்தான். மூன்றாவது பையனிடம் ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாதவனை எப்படி நம்புவது என்று அவனையும் வேண்டாம் என்றுவிட்டார்.

பெண் மோகனப்பிரியாவுக்கு இருபத்தேழு ஆகிறது. ஆரம்பாக்கம் ஹைவேயில் காரின் கண்ணாடிக்கு வெயில் ஃபிலிம் ஒட்டி அலங்காரம் செய்கிற கடையில் பில் போடுகிற வேலை. கடைக்காரன் கவியரசன் பெண் கேட்டு அனுப்பினான். நல்ல பையன், நம் ஜனம், குடி கிடையாது. மோகனப்பிரியாவே அப்பாவிடம் வந்து நின்றாள்.

"நைனா, எனக்கு இவரைப் புடிச்சிருக்குது. இதையும் மாமா மோந்து பாத்து வேணாம்னு சொன்னாருன்னா, அப்புறம் எனக்கு யாரையும் பாக்காதீங்க."

பொன்னுரங்கத்துக்கு மகள் என்றால் உயிர். இந்தச் சம்பந்தம் எப்படியாவது முடியவேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில்தான் வாயை விட்டார். ஏரிக்கரையில் முப்பது வருஷமாக மீன் ஏலம் விடுகிறவர் அவர். செவுளைத் தூக்கி ஒரு பார்வை, வயிற்றில் கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான், எந்த நேரத்தில் பிடித்த மீன் என்று சொல்லிவிடுவார். அந்தத் திமிரில் மச்சானுக்குப் போன் போட்டு, "பையனை எதுக்கு மச்சான் பாக்கணும்? பையன் செய்ற வேலையைப் பாருங்க. என் கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டச் சொல்லியிருக்கேன். வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டார். தானே கயிறு திரித்து, தானே கழுத்தில் மாட்டிக்கொண்ட கதைதான்.

முந்தாநாள் கார் கடைக்குப் போய் வந்தது. இன்று நாலு மணிக்கு மச்சான் வருகிறார். பையனின் அம்மாவும் வருகிறாள். கண்ணாடியில் கொப்புளம்!

சத்தம் கேட்டு மோகனப்பிரியா வெளியே வந்தாள்.

"நைனா, தொடாதீங்க! அது தண்ணிக் கொப்புளம். ஃபிலிம் ஒட்டினா உள்ள கொஞ்சம் ஈரம் நிக்கும். வெயில்ல தானா வத்திடும். நாலு நாளைக்குக் கண்ணாடியை இறக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது, ஒண்ணும் பண்ணக்கூடாது."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்!"

கட்டிக்கப்போகிறவனை இப்போதே விட்டுக்கொடுக்கமாட்டேன் என்கிறாள் பார் என்று பொன்னுரங்கம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. மீனைக் கரையில் போட்டதுமே பார்க்கவேண்டும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் நாற்றம்தான் மிஞ்சும். இதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே சட்டம்.

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்றாள் தேவகி. "கருவாடு காயறதுக்கே நாலு நாள் ஆவுது. சும்மா கெடயா."

தாயும் மகளும் உள்ளே போனார்கள். பொன்னுரங்கம் சும்மா கிடப்பாரா? ஃபிலிம் உள்பக்கம் இருந்ததால் கார்க் கதவை விரியத் திறந்து வைத்து, சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தார். கொப்புளத்தின் நடுவில் நைசாக ஒரு குத்து. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வந்தது. கொப்புளம் அமுங்கியது. அட, இவ்வளவுதானா என்று கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தித் தேய்த்தார்.

கொப்புளம் போய்விட்டது. அந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சுருக்கம் வந்துவிட்டது.

சுருக்கத்தை மேல்பக்கமாகத் தள்ளிவிட்டால் விளிம்பு வழியாகப் போய்விடும் என்று தோன்றியது. விளிம்பு கைக்கு அகப்பட வேண்டுமென்றால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கவேண்டும். இறக்கினார். ஏற்றினார். ஏறும்போது ரப்பரில் மாட்டிக்கொண்டு, ஃபிலிம் மேல் விளிம்பில் நாக்கைத் தொங்கப் போட்டது.

"ஐயோ, பேஜாராப் போச்சே!"

இப்போது பசை வேண்டும். கடைக்குப் போய்ப் பசை கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அடுப்படியில் சோறு வடித்த கஞ்சி இருந்தது. வெள்ளை வேட்டியையே விறைப்பாக நிற்க வைக்கிற கஞ்சி, இந்தப் பிசாத்து ஃபிலிமை நிற்க வைக்காதா? ஒரு டம்ளர் கொண்டுவந்து தாராளமாகப் பூசி, அமுக்கி ஒட்டினார். நின்றது. எட்டி நின்று பார்த்தார். கண்ணாடி முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை படர்ந்து, கண்ணில் புரை விழுந்தது போலிருந்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனார்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுச் செவ்வந்தியின் ஆடு திறந்து கிடந்த கதவில் முன்னங்காலை வைத்துக்கொண்டு கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது. கஞ்சி அதற்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஏய்!" என்று இவர் கத்தினார். ஆடு பயந்து இறங்கியது. இறங்கின ஆட்டின் வாயில் ஃபிலிமும் இறங்கியது. நேராகக் கருவேலம் புதர்ப் பக்கம் ஓட்டம்.

ஐம்பத்தெட்டு வயதில் பொன்னுரங்கம் ஓர் ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடினார். அரைக் கண்ணாடி அளவு ஃபிலிமை மீட்டார். மீதி அரையை ஆடு கொடுக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே குரங்குகூடக் கையில் நிற்கவில்லை.

மணி பதினொன்று. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மகளுடைய கல்யாணத்தை ஆடு தின்றுவிட்டதே!

"ஸ்வீட் வாங்கியாறேன்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, காரைக் கிளப்பி, நேராகக் கவியரசன் கடைக்கு ஓட்டினார்.

கவியரசன் காரைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். மாமாவின் கையிலிருந்த கிழிசலைப் பார்த்தான்.

"இன்னா மாமா ஆச்சு?"

"ஆடு."

"ஆடா?"

"அதெல்லாம் கேக்காத தம்பி. நாலு மணிக்கு மச்சான் வந்துடுவாரு. இந்த ஒரு கண்ணாடியை மட்டும் திரும்ப ஒட்டிக் குடு. உன் வாழ்க்கையே இதுலதான் கீது."

கவியரசனின் முகம் வெளுத்துப்போனது. "இன்னைக்கா? இன்னைக்கு... ஆள் லீவு மாமா."

"ஆள் எதுக்கு? நீதானே ஒட்டறே?"

"ஆமா ஆமா. நான்தான். அதாவது... கூட ஒரு கை புடிக்க ஆள் வேணும்." காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "பாத்துக்கறேன். நீங்க மட்டும் இங்க நிக்காதீங்க. ஆள் நடந்தா தூசி பறக்கும், ஃபிலிம்ல ஒட்டிக்கும். எதிர்ல டீ சாப்ட்டுகினு இருங்க."

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. இது பாப்பாவுக்குத் தெரியவே கூடாது. தொடாதன்னு தலப்பாடா அடிச்சுகிச்சு. தெரிஞ்சா என்னைக் கொன்னுடும்."

"பாப்பாவுக்கா? சேச்சே. என் வாயிலேர்ந்து வராது மாமா" என்றான் கவியரசன், கையில் அவசரமாகப் போனை எடுத்தபடி.

எதிர்ப்பக்க டீக்கடையில் பொன்னுரங்கம் மூன்று டீ குடித்தார். லாரிகள் வரிசையாகப் போய் ரோட்டை மறைத்துக்கொண்டிருந்தன. கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நடுவில் தேவகி போன் செய்தாள்.

"எங்கயா கீறே? ஸ்வீட் வாங்க இவ்ளோ நேரமா? பொண்ணு வேற, பூ வாங்கியாறேன்னு ஸ்கூட்டியை எடுத்துகினு பறந்துட்டா."

அப்பாடா, வீட்டில் இல்லையா என்று பொன்னுரங்கத்துக்குப் பாதி உயிர் வந்தது. கார் எங்கே என்று கேட்க ஆள் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கவியரசன் ஷட்டரைத் தூக்கிக் கைகாட்டினான். பொன்னுரங்கம் ரோட்டைத் தாண்டி ஓடினார்.

கண்ணாடியைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். உள்ளே உட்கார்ந்து வெளியே பார்த்தார். கொப்புளம் இல்லை, சுருக்கம் இல்லை, தூசி ஒரு புள்ளி இல்லை. நாலு விளிம்பும் கத்தியால் கோடு போட்ட மாதிரி. ஃபிலிம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்தது. முப்பது வருஷத்தில் எத்தனையோ சரக்கு பார்த்த கண்ணில் தண்ணீர் கட்டியது.

"எப்பா! போன தடவையைவிட இது ஷோக்கா கீதே. எப்படி?"

"இந்தத் தடவை கொஞ்சம் கோவமா ஒட்டினது மாமா. கோவத்துல அழுத்தம் நல்லா வுழுது."

"யாரு மேல கோவம்?"

"அது... எனக்கு என் மேலயேதான்."

இவ்வளவு தண்ணீர் அடித்து வேலை செய்திருக்கிறான், தரையெல்லாம் சோப்பு நுரை, ஆனால் சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதுவல்லவோ கைத்திறமை என்று பொன்னுரங்கம் மாப்பிள்ளையை அணைத்துக்கொண்டார்.

சரியாக நாலு மணிக்குத் தினகரன் வந்தார். படகு, பஸ், ரயில் என்று மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தாலும், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் நேராகக் காரிடம் போனார். கவியரசனும் அவன் அம்மா இந்திராணியும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மோகனப்பிரியா கதவோரம் நின்றாள். பூ வாங்கப் போனவள் தலையில் பூவே இல்லை என்று தேவகி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தினகரன் கண்ணாடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். மூக்கை வைத்து முகர்ந்தார். வெயிலுக்கு எதிரே சாய்ந்து நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இன்னா மச்சான், கறுப்பே இல்லையே? ஃபிலிமை மிச்சம் பிடிச்சுட்டானா?"

"கறுப்பா ஒட்டினா எளாவூர் செக்போஸ்ட்லயே நிறுத்தி உரிச்சுடுவாங்க மச்சான். இதான் ரூல்படி."

"உம்." அடுத்த கண்ணாடிக்குப் போனார். பொன்னுரங்கத்துக்குப் பகீரென்றது. மற்ற மூன்று கண்ணாடிகளைத் தான் காலையில் பார்க்கவே இல்லையே! அங்கும் கொப்புளம் இருந்திருக்குமே! பின்னாலேயே ஓடிப் பார்த்தார். ஒன்றிரண்டு இருந்த அடையாளம் தெரிந்தது. பகல் முழுக்க அடித்த வெயிலில் தானாகவே வற்றிப் போயிருந்தன. சும்மா இருந்திருந்தால் முதல் கண்ணாடியும் இப்படித்தான் ஆகியிருக்கும். ஆட்டின் பின்னால் ஓடின ஓட்டம் நினைவுக்கு வந்து முட்டி வலித்தது.

தினகரன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மோகனப்பிரியா முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

"மத்த மூணும் நல்லா கீது. டிரைவர் பக்கத்துது..." என்று நிறுத்தினார். பொன்னுரங்கத்துக்கு முட்டி வலி மறந்துபோனது. "அது வேலை! ஒட்டினா மாதிரியே தெரியல. இவ்ளோ பொறுமையா ஒரு கண்ணாடிக்கு விளிம்பு வெட்டற கை, ஒரு குடும்பத்தைக் கெடுக்காது. எனக்குச் சம்மதம். வெத்தலையை எடுங்க!"

பொன்னுரங்கம் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து நெஞ்சில் நின்றிருந்த டீ அப்போதுதான் இறங்கியது. தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோகனப்பிரியா ஓடிவந்து மாமாவின் காலில் விழுந்தாள். தினகரன் கவியரசனின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கையா இது, தங்கம்!" என்றார். கவியரசன் நெளிந்த நெளிப்பைப் பார்த்துப் பொன்னுரங்கத்துக்கு இன்னும் பெருமை தாங்கவில்லை. இத்தனை கெட்டிக்காரத்தனத்திலும் பையனுக்கு எவ்வளவு அடக்கம்!

"இப்பதான் எனக்கு உசுரே வந்துதும்மா" என்று பையனின் அம்மாவிடம் வெற்றிலைத் தட்டை நீட்டினார். "வேலையைப் பாத்துத்தான் குடுக்கணும்னு நின்னேன். பாத்துட்டேன்."

இந்திராணி தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மனசு நிறைந்து நிமிர்ந்தாள்.

"நாங்களும் வேலையைப் பாத்துத்தாண்ணே வந்தோம். எம் புள்ளைக்கு நோட்டுக்கு அட்டை போட்டாக்கூடக் கோணையாத்தான் வரும், கடைக்கு வர்ற அத்தனை வண்டிக்கும் ஃபிலிம் ஒட்டறது உங்க பொண்ணுதானே!"