பீரோ இழுக்கப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும்

வாத்தியார் வெள்ளைப் பலகையில் 'மஸ்ட்' என்று எழுதி முடிப்பதற்குள் தலைக்கு மேலே 'கர்ர்ரக்' என்று ஒரு சத்தம். கூரையிலிருந்து காரைத் தூள் உதிர்ந்து அவருடைய புது டையில் விழுந்தது.

பெஞ்சில் இருந்த ஆறு பேரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தார்கள்.

"மேல என்ன பார்வை? இங்க கவனிங்க" என்றார் வாத்தியார்.

இன்று அவருக்கு மாதிரி வகுப்பு. நடத்திக் காட்டி, இந்த ஆங்கிலப் பயிற்சி நிலையத்தின் பெரியவர்களுக்குப் பிடித்துவிட்டால் நிரந்தர வேலை. வேலை கிடைத்தால் மைத்துனர் வீட்டு மாடியறையைக் காலி செய்துவிட்டுத் தனிக்குடித்தனம் போகலாம். காலையில் மனைவி டையை இழுத்துச் சரிசெய்தபடியே கெஞ்சினாள்.

"நீங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டு அவசரப்படாதீங்க. அண்ணன்கிட்ட இனிமே சாக்கு சொல்ல என்னால முடியாது."

"வேலை கிடைச்ச மாதிரிதான்னு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டாவது மாடி என்றுதான் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் முதல் மாடியிலேயே நிலையத்தின் பெயர்ப்பலகை சுவரோரம் சாய்ந்து நின்றது. உள்ளே பெஞ்சுகள், வெள்ளைப் பலகை, சும்மா உட்கார்ந்திருந்த ஆறு பேர். வகுப்பு கீழே மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்று வாத்தியார் அந்த நொடியே முடிவு கட்டினார். ஊகிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய சொந்தக் கருத்து. வகுப்புக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று செல்போனை அணைத்துவிட்டு, "எல்லாரும் நேரா உக்காருங்க" என்று கம்பீரமாக நுழைந்தார். உட்கார்ந்தார்கள்.

ஆறு பேரும் ஒரே மாதிரி நீலச் சட்டை. சீருடை கூட உண்டு, கட்டுப்பாடான நிலையம்தான் என்று அவருக்கு மனம் நிறைந்தது. ஆட்கள் மட்டும் கொஞ்சம் திடகாத்திரமாக இருந்தார்கள். போலீஸ் தேர்வுக்குப் படிப்பவர்களாக இருக்கும். கடைசி பெஞ்சில் நரைத்த மீசையோடு ஒருவர். அவரைப் பார்த்ததும் வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. மாணவர்களோடு மாணவராக உட்கார்ந்து மதிப்பெண் போட வந்தவர் அவர்தான்.

மறுபடியும் 'கர்ர்ரக்'.

வாத்தியார் கதவைச் சாத்தினார். சத்தம் குறையவில்லை, காற்றுதான் நின்றது. எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. முன் பெஞ்சுக்காரன் எழுந்தான்.

"சார், நான் வேணா மேல போய் ஒரு கை..."

"உக்காரு! நாலு சத்தம் கேட்டா நாலு தடவை எழுந்திரிப்பியா?"

அவன் உட்கார்ந்தான். மேலே சத்தம் இரட்டிப்பானது.

சாதாரண வாத்தியாராக இருந்தால் இந்த இடத்தில் கையைப் பிசைந்திருப்பார். இவர் அந்தச் சத்தத்தையே பாடமாக்கிவிட்டார்.

"சரி, சொல்லுங்க. மேல என்ன நடக்குது?"

"பீரோ சார்" என்றான் முன் பெஞ்சுக்காரன் யோசிக்காமல். "இரும்பு பீரோ. இழுக்குறாங்க."

"அருமை! பாத்தியா?"

"பாக்கல சார்."

"பாக்காம நிச்சயமா சொல்ற இல்ல, அதுக்குத்தான் மஸ்ட். இப்ப நடந்துக்கிட்டு இருக்கு, அதுக்கு பியிங். பீரோ தானா நடக்காது, யாரோ இழுக்குறாங்க, அதனால டிராக்டு. த பீரோ மஸ்ட் பி பியிங் டிராக்டு. இழுக்கப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும்."

"பி சொன்னப்புறம் திரும்ப பியிங்கா சார்? கனமா இருக்கே" என்றான் இன்னொருவன்.

"இழுக்குறது யாருன்னே சொல்லாம எல்லாத்தையும் சொல்லிட்டோம் பாரு, கனமாத்தான் இருக்கும். யாருங்கிற கேள்வியே நமக்கு வேண்டாம். அதுதான் இதோட அழகு."

மாடிப்படியில் 'தடால்' என்றது. "ஐயோ, என் காலு!" என்று யாரோ அலறினார்கள். "விட்டுராதீங்க, விட்டுராதீங்க!" என்று இன்னொரு குரல் கதறியது.

இந்த முறை ஆறு பேருமே எழுந்துவிட்டார்கள்.

"சார், விட்டா அடி பட்டுரும் சார்!"

"உக்காருங்கன்னா உக்காருங்க! மேல இருக்கிறது அவங்க வேலை, இங்க இருக்கிறது நம்ம வேலை" என்று வாத்தியார் கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார். "இப்ப சொல்லுங்க, அந்தப் பீரோவ எப்படித் தூக்கணும்?"

"நாலு பேரு சார். கயிறு கட்டி, கனமான பக்கத்தக் கீழ விட்டு."

"ஆனா அப்படித் தூக்கல. அப்ப ஷுட். இட் ஷுட் பி பியிங் கேரீடு பை ஃபோர் மென். நாலு பேரால் தூக்கப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆனா இல்ல. பாவம், எந்த அப்பாவிங்க மாட்டிக்கிட்டாங்களோ!"

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த வாக்கியத்தை ஒரே குரலில் சொன்னார்கள். பிசிறே இல்லை. வாத்தியாருக்குப் புல்லரித்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு ஈடுபாடான மாணவர்களை அவர் கண்டதில்லை. இவர்களுக்குப் பாடம் நடத்தக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

"சார், இதுக்கு சர்டிபிகேட் குடுப்பாங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

"நான் இங்க சேர்ந்ததும் முதல் சர்டிபிகேட் உனக்குத்தான்."

பாடத்தை முடித்துவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்ப் பணிவாக நின்றார்.

"ஐயா, எப்படி இருந்துச்சு?"

நரைத்த மீசைக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம் சார். எத்தனையோ வருஷமா இந்த வேலையில இருக்கேன். இப்படி உக்கார வெச்சுப் புரியற மாதிரி சொன்ன ஆள நான் பாத்ததே இல்ல."

அது போதும். வாத்தியார் ஜன்னல் பக்கம் போய்ச் செல்போனை உயிர்ப்பித்தார். யாரோ பலமுறை அழைத்திருந்ததாகக் காட்டியது. வாழ்த்தெல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று மனைவியை அழைத்தார்.

"வேலை கிடைச்சிருச்சு. பெட்டியக் கட்டு."

"நெசமாவா? அவங்க வாயால சொன்னாங்களா?"

"கையப் பிடிச்சுச் சொன்னாரு."

மறுமுனையில் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அண்ணா, அவருக்கு வேலை கிடைச்சிருச்சு!" என்று வீடே அதிரக் கத்தியது அவர் காதிலும் விழுந்தது. மைத்துனரின் முகத்தை நினைத்துப் பார்த்து வாத்தியார் டையை நீவிவிட்டுக்கொண்டார்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. தோளில் கயிற்றுச் சுருளும் அதே நீலச் சட்டையுமாக, மூச்சு வாங்க நின்ற மேஸ்திரி ஆறு பேரையும் பார்த்துக் கத்தினார்.

"ஏன்டா, மேல எவனோ இங்கிலீஷ் வாத்தியாரு வருவான்னு காத்துக்கிட்டுக் கெடந்த மூணு பெரிய மனுஷங்களப் பிடிச்சு நான் பீரோவ இறக்கிக்கிட்டு இருக்கேன், சாமான் தூக்க வந்த நீங்க ஆறு பேரும் இறக்கி வெச்ச பெஞ்சுலயே உக்காந்துகிட்டு என்னடா பண்றீங்க?"