இலையை வெளிப்பக்கம் மடித்த விவகாரம்

மட்டாஞ்சேரி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ஹரிநாராயணன் அவர்களுக்குப் பிச்சுமணியின் அநேக ஆசீர்வாதம். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. மாளவிகாவும் குழந்தையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை மாடிக்குக் கொண்டுபோய்த் தனியாகப் படிக்கவும். போனிலேயே சொல்லியிருப்பேன், உங்காத்தில் யார் எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், உங்கள் மாமியார் லோகாம்பாள் கேட்டுவிடுவாள்.

லோகாம்பாள் மாளவிகாவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் பெங்களூருக்கு ரயில் ஏறும்போது என்னிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். "கடையில சாப்பிடுங்கோ, வேண்டாங்கலை. அங்க போய் யாரையும் திருத்தப்படாது." நான் யாரைத் திருத்தினேன்? நம் தெருவைச் சுற்றி ஒரே மாதத்தில் மூன்று கடைகள் திறந்தால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? முதல் கடையில் காபியைக் கண்ணாடிக் குடுவையில் கொண்டுவந்து வைத்து, ஐந்து நிமிஷம் தொடக்கூடாது என்றார்கள். ஆறிய காபியைக் குடிக்க வீட்டிலேயே எனக்குத் தெரியும் என்றேன், அவ்வளவுதான். இரண்டாவது கடையில் நாற்பத்திரண்டு வகை தோசை, அத்தனைக்கும் ஒரே சாம்பார், அதுவும் தித்திப்பு. அடுப்படி வரை போய்ப் பெருங்காயம் எங்கே என்று கேட்டேன். மறுநாள் வாசலிலேயே, "சேட்டா, இன்னு கட இல்லா" என்று மலையாளத்தில் கடைக்கு லீவு விட்டுவிட்டார்கள். உள்ளே பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிமுத்துவும் அவர் மனைவி வசந்தியும் திறந்திருக்கும் சைவ மெஸ். இங்கேயாவது சத்தியத்தைக் காப்பாற்றுவோம் என்று ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. ஆனால் திங்களன்று ஊற்றிய ரசம் இருக்கிறதே, அடியில் இலையின் நரம்பு தெரிந்தது. கூட வேலை பார்த்த வெங்கிடேஸ்வரன் முன்பே ஒரு யோசனை சொல்லியிருந்தார்: பிடிக்கவில்லை என்றால் இலையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்துவிடு, புரிந்துகொள்வார்கள். நம்மாத்தில் இலை மடிக்கிற வழக்கமே கிடையாதே, எனக்கு என்ன தெரியும்? மடித்தேன். பெருமூச்சும் விட்டேன், அது ரசத்துக்காக. இசக்கிமுத்து இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்கு வந்து நிற்கிறார்கள். "கல்யாணத்துக்கு உள்பக்கம், துஷ்டிக்கு வெளிப்பக்கம். நீங்க வாய் விட்டுச் சொல்லணுமாய்யா? வீட்டம்மா எப்ப தவறுனாக?" என்கிறார். லோகாம்பாள் பெங்களூரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள் என்றேன். உடனே வசந்தியிடம் திரும்பி, "எங்கய்யாவும் இப்படித்தான். ஆத்தா போய் ஒரு மாசம், சந்தைக்குப் போயிருக்கான்னே சொல்லிக்கிட்டு கெடந்தாரு" என்றார். போனில் லோகாம்பாளின் படத்தைக் காட்டினேன். அந்தப் பெண் அழவே தொடங்கிவிட்டாள். நான் மறுக்க மறுக்க, தெருவே என் மனசு தாங்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டது. இதில் உங்கள் பெயரும் கெட்டிருக்கிறது. மாமனாருக்குத் தாமதமாகச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிட்டீர்களாம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீநாத் முக்கில் ஆதராஞ்சலி ஃப்ளெக்ஸ், அதாவது நம்மூர்க் கண்ணீர் அஞ்சலி, வைக்க நல்ல போட்டோ கேட்கிறான். அவளிடமே போனில் பேசச் சொல்லலாம். ஆனால் முதல் கேள்வி என்ன கேட்பாள்? நீங்கள் ஏன் இலையை மடித்தீர்கள் என்பாள். என் சத்தியம் அம்பலமாகும். எனக்கு அவமானமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஆகவே காரணம் எதுவும் சொல்லாமல், தத்காலில் டிக்கெட் எடுத்து அவளை உடனே ரயிலேற்றவும். தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்து வந்தால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். இனி என் ஆயுசில் எந்தப் புதுக்கடை வாசலையும் மிதிக்கமாட்டேன்.

குழந்தைக்கு என் முத்தம். மாளவிகாவைக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாதீர்கள். எல்லாரும் தீர்க்காயுசாக இருங்கள், முக்கியமாக லோகாம்பாள்.

இப்படிக்கு,
பிச்சுமணி

பி.கு.: உறையை ஒட்டும்போது வசந்தி தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போனாள். துக்க வீட்டில் பத்து நாள் அடுப்பு மூட்டக்கூடாதாம், அதுவரை மூன்று வேளையும் அவளே வீட்டில் சமைத்துக் கொண்டுவருவாளாம். கடையில் ரசம் வைப்பது வேறு ஆள் போலிருக்கிறது. இன்றைய மிளகு ரசத்தை நான் மூன்று தரம் விட்டுக்கொண்டேன். இன்று ஐந்தாம் நாள்தான் ஆகிறது. தத்கால் வேண்டாம். சாவகாசமாகப் பதினோராம் நாளுக்கு டிக்கெட் பாருங்கள். ஃப்ளெக்ஸுக்கு, மாளவிகா கல்யாணத்தில் லோகாம்பாள் நீலப் புடவையில் நிற்கும் படம் இருந்தால் அனுப்பவும்.